கொரோனா பெயரில் ஓர் ஓடைப்பூச்சி

2021 ஏப்ரல். இங்கே கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். கொசோவோ நாட்டு ஆய்வாளர்கள் ஒரு புதிய பூச்சிக்கு ‘பொட்டமோஃபைலாக்ஸ் கொரோனாவைரஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பல நாட்டுப் பத்திரிகைகள் அதைத் துணுக்காகப் போட்டுவிட்டு நகர்ந்தன. அப்படியொரு பெயர் கண்ணில் படத்தான் செய்யும், பட்டும் விட்டது. அந்தப் பெயருக்கு அடியில் கிடக்கும் வேலையைத்தான் அவ்வளவாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இது கேடிஸ் பூச்சி இனம். மங்கலான விட்டில் மாதிரி இருக்கும். பூச்சிகளின் வம்சாவளியில் வண்ணத்துப்பூச்சிக்கும் விட்டிலுக்கும் நெருங்கிய பங்காளி. அவற்றின் இறகில் செதில், இதன் இறகில் மயிர், அவ்வளவே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் வாழ்க்கை வேறு. கேடிஸ் புழு வளர்வது தண்ணீருக்குள். வாயோரம் பட்டு நூல் சுரந்து, மணலையும் சிறுகல்லையும் இலைத்துணுக்கையும் ஒட்டவைத்து, உடம்பைச் சுற்றிக் குழாய்க்கூடு கட்டிக்கொள்ளும். ஓடும் நீருக்குள்ளேயே ஒட்டுகிற நூல் அது! பிரெஞ்சுக் கலைஞர் யூபெர் டுப்ரா, இந்தப் புழுக்களுக்குத் தங்கத் துகளும் முத்தும் கொடுத்துப் பார்த்தார். அவை கூச்சமே இல்லாமல் தங்கத்தில் கூடு கட்டின. உள்ளே இருந்தபடி வயிற்றை அசைத்து அசைத்து நீரைக் கூட்டுக்குள் ஓடவிட்டு, அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்வது இவற்றின் வழக்கம். அதனால் தண்ணீர் கலங்கினாலும் சூடேறினாலும் ஓட்டம் குறைந்தாலும் பல இனங்கள் தாங்குவதில்லை. ஆற்றின் ஆரோக்கியத்தை அளப்பவர்கள் முதலில் கல்லைப் புரட்டி இவற்றைத் தேடுவது இதனால்தான்.

உலகில் இதுவரை 16,000க்கும் மேற்பட்ட கேடிஸ் இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் உண்டு. ஆனால் பால்கன் மலைகளின் கதை தனி. ஒவ்வொரு மலையும் தனித்தனித் தீவாக நிற்க, உச்சி ஊற்றுகளில் சிக்கிக்கொண்ட பூச்சிகள் அக்கம்பக்கத்தோடு கலக்காமல் தனி இனங்களாகப் பிரிந்துபோயிருக்கின்றன. நம் பூச்சி கிடைத்ததும் அப்படியோர் இடத்தில்தான். கொசோவோவின் மேற்கு எல்லையில் பியெஷ்கெத் எ நெமூனா தேசியப் பூங்கா, சுமார் 2,000 மீட்டர் உயரம், டெச்சான் ஆற்றுக்குப் போகும் ஓர் ஓடை.

பிரிஷ்டினா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹலில் இப்ராஹிமியின் குழு அதைப் பிடித்தது பெயர் வைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே. பிடித்தவுடன் ‘புதிய இனம்’ என்று சொல்லிவிட முடியாது. இறகையும் நிறத்தையும் பார்த்தால் அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே அச்சு. பேதம் தெரிவது ஆண் பூச்சியின் வயிற்று நுனியில், இனப்பெருக்க உறுப்பில். கேடிஸ் ஆய்வாளர்களின் வழக்கப்படி அந்த நுனியைத் தனியே எடுத்து, காரக் கரைசலில் போட்டுச் சதையைக் கரைப்பார்கள். மிஞ்சுகிற கெட்டியான ஓட்டை நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு கொக்கியையும் முள்ளையும் பக்கவாட்டிலும் மேலிருந்தும் கீழிருந்தும் கோட்டோவியமாக வரைவார்கள். புகைப்படக்கருவி இவ்வளவு வளர்ந்த பிறகும் இந்தத் துறையில் கோட்டோவியத்துக்குத்தான் மரியாதை. எது முக்கியம், எது தற்செயல் என்று தீர்மானித்து வரையும் கைக்கு ஈடில்லை. அப்புறம் உறவு இனங்களின் உறுப்புகளோடு ஒப்பீடு. இனத்துக்கே சாட்சியாக ஒரேயொரு பூச்சியைத் தேர்ந்து ‘ஹோலோடைப்’ என்று ஒரு சீசாவில் போட்டுச் சேகரிப்பில் வைப்பார்கள். நாளை யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வழக்கு அந்தச் சீசாவின் முன்னால்தான் தீரும்.

‘பயோடைவர்சிட்டி டேட்டா ஜர்னல்’ இதழில் வெளிவந்த கட்டுரையைப் பெரும்பாலும் எழுதியது உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்த காலத்தில். பெயருக்கு அது ஒரு காரணம். கொசோவோ ஆறுகளின் உயிர்களைச் சத்தமில்லாத இன்னொரு கொள்ளைநோய் தின்றுகொண்டிருக்கிறது என்பது அவர்கள் சொன்ன இரண்டாவது காரணம். கோபக்காரக் காரணம் அதுதான். பூச்சி கிடைத்த ஓடை போய்ச் சேரும் டெச்சான் ஆறு நீர்மின் நிலையத்தால் பெரிதும் சிதைந்துவிட்டது. சிறிய நீர்மின் நிலையம் என்றால் ‘பசுமை மின்சாரம்’ என்று சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம். பொதுவாக அதன் வேலைமுறை இது: மேலே தடுப்புக் கட்டி, ஓடையைக் குழாய்க்குள் திருப்பி, கீழே டர்பைனில் கொட்டுவது. இடைப்பட்ட தூரத்தில் ஓடைக்கு என்ன மிஞ்சும்? சில சமயம் ஈரக் கற்கள். மலைக்கு வெளியே வேறெங்கும் காணாத ஓர் இனத்துக்கு அந்தத் தூரம்தான் தேசம்.

இப்ராஹிமி குழுவுக்குப் பெயரில் கடிப்பது புதிதல்ல. 2018-ல் ஷார் மலையில் கிடைத்த உறவு இனத்துக்கு ‘ஹியூமோஇன்சேப்பியன்ஸ்’ என்று வைத்தார்கள். மண்ணைப் போட்டு வாழிடத்தை மூடும் அறிவுகெட்டவர்களைக் குறிக்க இரண்டு லத்தீன் சொற்களைக் கோத்த குத்தல் அது. அறிவியல் பெயரைத் திட்டுவதற்குப் பயன்படுத்தலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. புரவலர் பெயரையும் ராஜா பெயரையும் சூட்டிய மரபில் இது ஒன்றும் தரக்குறைவு இல்லை என்பேன்.

2021 கட்டுரையிலேயே இன்னொரு குறிப்பும் இருக்கிறது. பால்கன் மலைகளின் ஒதுங்கிய வாழிடங்களில் வேறு சில புதிய இனங்களும் தட்டுப்பட்டிருக்கின்றன. கூடுதல் மாதிரிகள் கிடைத்த பிறகே அவற்றை விவரிக்க முடியும். வளர்ந்த பூச்சி பறப்பது ஆண்டில் சில வாரம் மட்டுமே. அந்த வாரங்களில் ஆள் மேலே போகவேண்டும், ஓடையிலும் தண்ணீர் ஓடவேண்டும்.