ஆக்குவோரும் காப்போரும்: கட்டற்ற மென்பொருள் செருகுநிரல்களின் பராமரிப்பு

முன்னுரை

செங்கற்பட்டு வட்டாரம் ஏரிப்பாசனத்தால் வாழ்ந்த நிலப்பகுதி. ஏரியை வெட்டியோர் ஒரு தலைமுறையினர். தூர்வாரிக் கரையை உயர்த்திக் காத்தோர் பின்வந்த தலைமுறையினர். கட்டற்ற மென்பொருள்களுக்குத் தன்னார்வலர்கள் எழுதும் செருகுநிரல்களுக்கும் இத்தகைய காப்பு தேவைப்படுகிறது. முதன்மை மென்பொருளில் இல்லாத வசதியைக் கூட்டித் தருவது செருகுநிரல். முதன்மை மென்பொருள் பதிப்புதோறும் மாறுவதால், உடன் திருத்தப்படாத செருகுநிரல் நாளடைவில் செயலிழக்கிறது. அதன் பராமரிப்பைக் கண்காணிக்கும் முறைகளையும் அதற்குத் துணைநிற்கும் வழிகளையும் தமிழ்த் தட்டச்சுக் கருவிகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

இருவேறு நிலைகள்

ஃபயர்பாக்ஸ் உலாவியில் தமிழை நேரடியாகத் தட்டச்சிட உதவிய ‘தமிழ்விசை’ போன்ற நீட்சிகள் உலாவியின் பழைய நுட்பக் காலத்தில் தோன்றியவை. அந்நுட்பம் கைவிடப்படும் என மோசில்லா 2015 ஆகஸ்டிலேயே அறிவித்தது. 2017 நவம்பர் 14 அன்று வெளிவந்த 57ஆம் பதிப்பில், புதிய முறைக்கு மாற்றி எழுதப்படாத நீட்சி எதுவும் இயங்கவில்லை. ஈராண்டு அவகாசம் இருந்தும், மாற்றி எழுத ஆளில்லாத நீட்சிகள் மறைந்தன.

விக்கித் திட்டங்களில் இந்திய மொழிகளைத் தட்டச்சிடப் பயன்பட்ட ‘நாராயம்’ என்னும் மீடியாவிக்கி நீட்சியும் 2013இல் விலக்கப்பட்டது. ஆயினும் அது செய்த பணி நிற்கவில்லை. ‘ஜேகுவரி.ஐஎம்இ’ என்னும் பொதுக் களஞ்சியம் அப்பணியை ஏற்றது. தமிழ்99, பாமினி, இன்ஸ்கிரிப்ட் முதலிய விசைப்பலகை விதிகள் அதில் தனித்தனிக் கோப்புகளாக உள்ளன. நிரல் மாறினும் விதிகள் எஞ்சுவதற்கு இப்பகுப்பும் நிறுவனக் காப்பும் காரணங்களாகும்.

கண்காணிப்பும் கைமாற்றமும்

ஒரு செருகுநிரலின் நலத்தை அறியச் சில அடையாளங்கள் உள்ளன. இறுதி வெளியீட்டின் நாள், சோதிக்கப்பட்ட முதன்மைப் பதிப்பு, விடையளிக்கப்படாத வழு அறிக்கைகள், பராமரிப்பாளர்களின் எண்ணிக்கை, உரிமம் ஆகியன அவை. அண்மைய 3 முதன்மைப் பதிப்புகளுடன் சோதிக்கப்படாத செருகுநிரலின் பக்கத்தில் வேர்ட்பிரஸ் எச்சரிக்கை காட்டுகிறது. ஜெங்கின்ஸ் திட்டம், பொறுப்பாளரை எதிர்நோக்கும் செருகுநிரல்களைத் தத்தெடுப்புக்குரியவை எனக் குறிக்கிறது.

பொறுப்பேற்க ஒருவர் முன்வருவது மட்டும் போதுமானதன்று. 2018இல் ‘ஈவண்ட்-ஸ்ட்ரீம்’ என்னும் நிரல்தொகுப்பின் பொறுப்பை, முன்னறிமுகம் இல்லாத ஒருவரிடம் அதன் ஆசிரியர் ஒப்படைத்தார். பிட்காயின் பணப்பையைக் களவாடும் நிரல் அதன்வழிப் புகுத்தப்பட்டது. பொறுப்பை ஒப்படைக்குமுன் தகுதியைத் தேர்தல் இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

உத்திரமேரூர் தரும் ஒப்பீடு

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த உத்திரமேரூரின் முதற்பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கன. ஏரி வாரியத்திற்கு உறுப்பினர் 6 பேர். பதவிக்காலம் 360 நாள். தகுதிகள் முன்னரே வரையறுக்கப்பட்டன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். காலவரையறை, தகுதித்தேர்வு, கணக்கு ஒப்படைப்பு ஆகிய மூன்றும் செருகுநிரல் பராமரிப்புக்கும் பொருந்துவன. எனினும் அவ்வாரியம் நிலவுடைமை பெற்ற பிராமணர்க்கே உரியதாயிருந்தது. ஆதலின் ஒப்புமை நடைமுறை அளவினதே, பங்கேற்பு அளவினதன்று.

முடிவுரை

தரவுத்தொகுப்பு, சொல்லடைவு முதலிய தமிழாய்வுப் பணிகள் இன்று இத்தகைய கருவிகளைச் சார்ந்துள்ளன. கருவி செயலிழந்தால், அதன்வழிப் பெற்ற முடிவை மறுசோதனைக்கு உட்படுத்துதல் அரிதாகும். எனவே ஒவ்வொரு துறையும் தான் பயன்படுத்தும் செருகுநிரல்களின் பெயர், பதிப்பு, பராமரிப்பாளர், இறுதியாகச் சோதித்த நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்துவைத்தல் வேண்டும். புதிய பதிப்பு வரும்போது சோதித்தல், வழுவை அறிவித்தல், பயன்பாட்டுக் குறிப்பு எழுதுதல் ஆகியவற்றை முதுகலை மாணவர்தம் திட்டப்பணியாக ஏற்கலாம். புதிய கருவியை ஆக்குவதற்குக் கிடைக்கும் கல்விசார் மதிப்பு, இருக்கும் கருவியைக் காப்பதற்கும் கிடைத்தாலன்றி அப்பணிக்கு ஆள் அமைதல் அரிது.