கேசினோ சுற்றுலாவில் உணவு, பயணச் செலவுக் குறைப்பு

கேசினோ சுற்றுலாவில் உணவு, பயணச் செலவுக் குறைப்பு என்பது, சூதாட்டக் கூடத்துடன் இணைந்த விடுதிக்கோ கப்பலுக்கோ விடுமுறையில் செல்பவர்கள் போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றுக்கான செலவைத் திட்டமிட்டுக் குறைக்கும் முறைகளைக் குறிக்கும். பிற சுற்றுலாக்களிலிருந்து இது ஒரு வகையில் வேறுபடுகிறது. இங்கே மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கும் உணவும் அறையும் பெரும்பாலும் விளையாட்டு மேசையில் இழக்கும் பணத்திலிருந்தே ஈடுகட்டப்படுகின்றன. எனவே சீட்டு விலையையும் சாப்பாட்டு விலையையும் மட்டும் பார்த்தால் கணக்கு முழுமையாகாது.

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்திலிருந்து இத்தகைய பயணம் போக விரும்புவோருக்கு உள்நாட்டில் எளிதில் எட்டக்கூடிய இடம் கோவா. வெளிநாட்டில் கொழும்பும் சிங்கப்பூரும்.

பின்னணி

சென்னைக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்த இந்த வழித்தடத்தில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம்-வடகால் சிப்காட் தொழிற்பூங்காக்கள் உள்ளன. ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1990களின் பிற்பகுதியில் தொடங்கியது. பின்னர் ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் ஆகியவையும் மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து, வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கி ஷிப்டு முறையில் வேலை செய்யும் இளைஞர்கள் இங்கு ஏராளம். ஒரே அறையில் இருப்பவர்களும் ஒரே லைனில் வேலை பார்ப்பவர்களும் போனஸ் வந்த கையோடு சேர்ந்து சுற்றுலா கிளம்புவது வழக்கம். சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20 விழுக்காடு. ஓராண்டு உழைப்பின் மிச்சமான அந்தத் தொகை ஒரே இரவில் கரையக்கூடிய இடம் கேசினோ.

பொதுச் சூதாட்டக் கூடம் நடத்துவதும் அதில் விளையாடுவதும் தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி குற்றம். லாட்டரிச் சீட்டு 2003இல் தடை செய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் நாடாளுமன்றச் சட்டமும் தடை செய்தது.

கோவாவில் நிலைமை வேறு. அங்கு 1976ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, ஐந்து நட்சத்திர விடுதிகளில் மின்னணு இயந்திர விளையாட்டுகளுக்கும், நீரில் நிற்கும் கப்பல்களில் மேசை விளையாட்டுகளுக்கும் அனுமதி தரப்பட்டது. பணஜி நகரை ஒட்டிய மாண்டவி ஆற்றில் கேசினோ கப்பல்கள் நிற்பது இதனால்தான். 21 வயது நிறைந்தவர்கள் மட்டுமே உள்ளே செல்லலாம். கோவா மக்கள் தங்கள் மாநிலத்து கேசினோக்களில் விளையாட 2020 பிப்ரவரி முதல் தடை உள்ளது.

உணவு ஏன் மலிவாகத் தரப்படுகிறது

கேசினோவில் மலிவு உணவு தரும் பழக்கம் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் வளர்ந்தது. 1941இல் திறக்கப்பட்ட எல் ராஞ்சோ வேகாஸ் விடுதி, அந்தப் பத்தாண்டில் ஒரு டாலருக்கு நள்ளிரவு பஃபே தந்தது. நோக்கம், சாப்பிடுவதற்காக ஆட்டக்காரர் வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்வது. கோவாவின் கப்பல்களும் ஏறத்தாழ இதே முறையைப் பின்பற்றுகின்றன. நுழைவுச் சீட்டிலேயே பஃபே, பானங்கள், ஆடல் பாடல் நிகழ்ச்சிகள், கரையிலிருந்து கப்பலுக்குப் படகு ஆகியவை அடங்கிய தொகுப்புகள் விற்கப்படுகின்றன. சில தொகுப்புகளில் ஒருமுறை மட்டும் ஆடக்கூடிய சில்லுகளும் தரப்படும். அவற்றை ஆட்டத்தில்தான் வைக்க முடியும். நேராகப் பணமாக மாற்ற முடியாது.

கேசினோ ஒவ்வோர் ஆட்டத்திலும் தனக்குச் சாதகமான ஒரு சிறு விழுக்காட்டை வைத்திருக்கிறது. ஒற்றைச் சுழியம் கொண்ட ரூலெட் சக்கரத்தில் 37 இடங்கள் உண்டு. ஓர் எண்ணில் பணம் வைத்து வென்றால் 35 மடங்கே கிடைக்கும். இதனால் கேசினோவின் பங்கு சுமார் 2.7 விழுக்காடு. இரட்டைச் சுழியம் கொண்ட சக்கரத்தில் இடங்கள் 38. பங்கு சுமார் 5.26 விழுக்காடு.

எடுத்துக்காட்டாக, ஒருவர் ஒரு சுற்றுக்கு 500 ரூபாய் வீதம், மணிக்கு 40 சுற்றுகள், மூன்று மணி நேரம் ரூலெட் ஆடுகிறார் என்று கொள்வோம். அவர் வைத்த மொத்தப் பணம் 60,000 ரூபாய். சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய இழப்பு ஒற்றைச் சுழியச் சக்கரத்தில் சுமார் 1,620 ரூபாய். இரட்டைச் சுழியச் சக்கரத்தில் சுமார் 3,160 ரூபாய். இது நீண்ட காலச் சராசரி மட்டுமே. ஒரே இரவில் இதைவிடப் பல மடங்கு இழக்கவும் நேரலாம், வெல்லவும் நேரலாம்.

பெரிய கேசினோக்கள் உறுப்பினர் அட்டை மூலம் ஒருவர் எவ்வளவு, எத்தனை நேரம் ஆடினார் என்று பதிவு செய்து, இதே கணக்கில் அவருடைய எதிர்பார்ப்பு இழப்பைக் கண்டு, அதில் ஒரு பகுதியைச் சாப்பாடாகவும் அறைச் சலுகையாகவும் திருப்பித் தருகின்றன. திருப்பித் தருவது எப்போதும் இழப்பைவிடக் குறைவு. ஆகவே, எப்படியும் ஆடப் போகிறவர் அட்டை வாங்கிக்கொள்வது லாபம். இலவசச் சாப்பாட்டுக்காகக் கூடுதலாக ஆடுவது நட்டம்.

வரிகளின் பங்கு

கேசினோ நுழைவுக்கும் சூதாட்டத்துக்கும் சரக்கு மற்றும் சேவை வரி 2023 அக்டோபர் 1 முதல் வாங்கும் சில்லுகளின் முழு மதிப்பில் 28 விழுக்காடு என்று வகுக்கப்பட்டது; 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு. வரி உட்பட 10,000 ரூபாய் கட்டுவதாகக் கொண்டால், அதில் சுமார் 2,857 ரூபாய் வரி. ஆட்டத்துக்கு மிஞ்சுவது சுமார் 7,143 ரூபாய். இந்த வரியைக் கேசினோ தானே ஏற்கிறதா, ஆட்டக்காரரிடம் வசூலிக்கிறதா என்பதைச் சில்லு வாங்குமுன் கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரண உணவகத்தில் வரி 5 விழுக்காடு மட்டுமே. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான விடுதி அறைக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்ட அறைக்கு 18 விழுக்காடு. இதன்படி, கேசினோ தொகுப்புக்குள் அடங்கிய உணவு, வெளியே தனியாக உண்பதைவிட மிக அதிக வரி விகிதத்துக்குள் வருகிறது. வெறுமனே வேடிக்கை பார்க்கப் போகிறவர், உணவு அடங்கிய விலையுயர்ந்த சீட்டையும் எளிய நுழைவுச் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வென்ற பணத்துக்கு வருமான வரி 30 விழுக்காடு. அதன்மேல் 4 விழுக்காடு செஸ். சம்பளம் வரி கட்ட வேண்டிய வரம்புக்குக் கீழே இருந்தாலும் இது பொருந்தும். தோற்ற தொகையையோ பயணச் செலவையோ இதில் கழித்துக் காட்ட முடியாது.

சம்பளத்தில் விடுமுறைப் பயணப்படி பெறுபவர்கள், பழைய வருமான வரி முறையில் இருந்தால், நான்காண்டுத் தொகுதிக்கு இரண்டு பயணங்களுக்கு விலக்குக் கோரலாம். நடப்புத் தொகுதி 2026 முதல் 2029 வரை. உள்நாட்டுப் பயணச் சீட்டுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அறை, உணவு, கேசினோ சீட்டு எதற்கும் கிடையாது. புதிய வரி முறையில் இந்த விலக்கே இல்லை.

எப்போது போவது

பயணச் செலவைத் தீர்மானிப்பதில் தூரத்தைவிடத் தேதிக்கே பங்கு அதிகம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கோவாவில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். சில தொழிற்சாலைகள் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்தி விடுமுறை விடுவதும் அதே நாட்களில்தான். ஆயுத பூசை, தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில் சென்னையிலிருந்து கிளம்பும் எல்லாப் போக்குவரத்திலும் நெரிசல். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் கோவாவில் வாடகை குறையும். ஆனால் கடற்கரைக் கொட்டகை உணவகங்கள் அப்போது பிரிக்கப்பட்டுவிடும். கடலில் இறங்குவதும் ஆபத்து.

கேசினோ நுழைவுக் கட்டணம் வெள்ளி முதல் ஞாயிறு வரை கூடுதல், வாரநாட்களில் குறைவு. சுழற்சி முறையில் வாரநாளில் வார விடுப்புக் கிடைக்கும் ஷிப்டுத் தொழிலாளிக்கு இது வாய்ப்பு. வார விடுப்புடன் ஈட்டிய விடுப்பைச் சேர்த்துத் திங்கள் முதல் வியாழன் வரை போய் வந்தால் அறை, நுழைவு, பயணச் சீட்டு மூன்றிலுமே மிச்சம் பிடிக்கலாம்.

கோவாவுக்குப் போக்குவரத்து

சென்னை சென்ட்ரலிலிருந்து வாஸ்கோடகாமாவுக்கு வாராந்திர விரைவு ரயில் உள்ளது. அந்த நாள் ஒத்துவராதவர்கள் பெங்களூரு போய், யஷ்வந்த்பூரிலிருந்து வாஸ்கோ ரயிலைப் பிடிக்கலாம். திருப்பெரும்புதூரில் ரயில் நிலையம் இல்லை. ஆனால் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே செல்வதால், பெங்களூருப் பேருந்தில் ஏறச் சென்னைக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து பணஜிக்குக் கர்நாடக அரசுப் பேருந்துகளும் கோவாவின் கடம்பா போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் ஓடுகின்றன. இரவுப் பயணம் ஒரு நாள் அறை வாடகையையும் மிச்சப்படுத்தும்.

ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. விடுப்பு உறுதியானதும் அந்த 60ஆம் நாளைக் குறித்துவைத்துக்கொள்வது, பிறகு தட்கலுக்குக் கூடுதல் கட்டணம் கொடுப்பதைத் தவிர்க்கும். இணையத்தில் எடுத்த சீட்டு கடைசிவரை காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்து ரயிலில் ஏற முடியாது.

விமானத்தில் செல்பவர்கள் எந்த விமான நிலையத்துக்குச் சீட்டு எடுக்கிறோம் என்று கவனிக்க வேண்டும். தெற்கே வாஸ்கோவுக்கு அருகில் டாபோலிம் நிலையமும், வடக்கே மோபாவில் 2023 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய மனோகர் பன்னாட்டு நிலையமும் உள்ளன. இரண்டுமே பணஜியிலிருந்து 30 கி.மீ. அளவில் உள்ளவை. சீட்டில் மிச்சம் பிடித்ததை டாக்சியில் விட்டுவிடாதபடி, கடம்பா கழகத்தின் விமான நிலையப் பேருந்தைப் பயன்படுத்தலாம். மட்காவ், வாஸ்கோ ஆகிய இடங்களிலிருந்து பணஜிக்கு இடைநில்லாப் பேருந்துகளும் உண்டு.

உள்ளூரில் சுற்ற வாடகை ஸ்கூட்டர் மலிவு. சட்டப்படி வாடகைக்கு விடப்படும் வண்டியின் எண் பலகை கறுப்பாகவும் எழுத்துகள் மஞ்சளாகவும் இருக்கும். வெள்ளைப் பலகை கொண்ட சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்துப் பிடிபட்டால் மிச்சம் பிடித்தது அபராதத்துக்கே போகும். மது அருந்தும் இரவுகளில் ஸ்கூட்டரே வேண்டாம். மாண்டவியைக் கடக்கப் பணஜி–பேதிம் அரசுப் படகில் நடந்து ஏறுவோருக்குக் கட்டணம் இல்லை. எனவே கேசினோ கப்பல்களின் விளக்கொளியை ஆற்றின் நடுவிலிருந்து பார்க்கக் காசு தேவையில்லை.

தங்குமிடமும் உணவும்

கேசினோ உள்ள விடுதியிலேயே தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கப்பல்களுக்கான படகுத்துறைகள் பணஜி நகரிலேயே இருப்பதால், நகரத்துச் சிறு விடுதியில் அறையைப் பகிர்ந்துகொண்டு நடந்தே போய் வரலாம். நள்ளிரவுக்குப் பின் திரும்பும்போது டாக்சிக் கட்டணம் அதிகமாவதால், தொலைவிலுள்ள மலிவான அறையைவிட நடந்து போகும் தூரத்திலுள்ள அறையே கணக்கில் மலிவாக அமையலாம்.

காலையில் பாஜியும் பாவும், மதியம் மீன் குழம்புச் சாப்பாடு, மாலையில் தள்ளுவண்டியில் ரோஸ் ஆம்லெட் என உள்ளூர் மக்கள் உண்பதையே உண்டால் செலவு குறையும். உடுப்பி வகைச் சைவ உணவகங்களும் உண்டு. கேசினோ தொகுப்பில் பஃபே அடங்கியிருந்தால் அன்றைய இரவுச் சாப்பாட்டை அதிலேயே முடித்துக்கொள்வது முறை. அது எத்தனை மணி வரை என்று முன்பே கேட்டுவிட வேண்டும். பானங்கள் அளவின்றித் தரப்படுவது சலுகையாகத் தோன்றினாலும், தெளிவு குறைந்த நிலையில் வைக்கும் பணமே அதன் விலை. கோவாவில் மது மலிவு என்று அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருவது குற்றம்.

கொழும்பும் சிங்கப்பூரும்

கொழும்பில் பல ஆண்டுகளாகக் கேசினோக்கள் உண்டு. சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் என்ற பெரிய விடுதி வளாகக் கேசினோ 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசாவும் மரீனா பே சாண்ட்ஸும் 2010இல் திறக்கப்பட்டன. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைவுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு அந்தத் தீர்வை இல்லை.

மரீனா பே வளாகத்தில் சாப்பாடு விலை அதிகம். அதை ஒட்டிய பேஃபிரண்ட் நிலையத்திலிருந்து டவுன்டவுன் தடத்தில் வண்டி மாறாமல் லிட்டில் இந்தியா சென்று, தேக்கா உணவங்காடியில் உண்பது பெரும் சிக்கனம். உணவக விலைப் பட்டியலில் விலைக்குப் பின் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு வரியும் அதன்மேல் சேரும் என்று பொருள்.

வரம்பு வைத்தல்

பயணச் சீட்டில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, மேசையில் சில ஆயிரம் இழந்தால் சிக்கனத்துக்குப் பொருளில்லை. கிளம்புமுன்பே பணத்தைப் பிரித்துக்கொள்வது இதற்கு எளிய வழி. போய்வரும் பயணச் சீட்டு, அறை ஆகியவற்றுக்கு முன்கூட்டியே கட்டிவிடுவது, உணவுக்குத் தனித் தொகை வைப்பது, விளையாட்டுக்கு என்று ஒதுக்கியதை ரொக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு ஏ.டி.எம். அட்டையையும் கடன் அட்டையையும் அறையிலேயே விட்டுப் போவது ஆகியவை நடைமுறையில் பயன்படும். ஒதுக்கிய தொகையை நுழைவுச் சீட்டைப் போலவே செலவாகிவிட்டதாகக் கருத வேண்டும். குழுவாகப் போகும்போது ஆடாத ஒருவரிடம் திரும்பும் செலவுப் பணத்தை ஒப்படைப்பதும் உதவும்.

இழந்ததை மீட்கக் கைபேசிக் கடன் செயலியில் கடன் வாங்குவது, நண்பரின் பங்கையும் சேர்த்து ஆடுவது, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தைத் தொடுவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். சூதாட்டப் பழக்கத்திலிருந்து விடுபட உதவி தேவைப்படுவோர் 14416 என்ற டெலி-மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.