அங்கே பிழைப்பவர் இங்கே இறப்பது ஏன்?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்தின் அறிக்கை. மணிக்கு 19 பேர். அதே அறிக்கையை மாநில வாரியாகப் புரட்டினால் வேறொரு செய்தி கண்ணில் படுகிறது. கேரளத்தில் அந்த ஆண்டு பதிவான விபத்துகள் 43,910. இறந்தவர்கள் 4,317 பேர். உத்தரப் பிரதேசத்தில் விபத்துகள் அதைவிடச் சற்றுக் குறைவு, 41,746. இறந்தவர்களோ 22,595 பேர்.

விபத்தின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். மரணம் மட்டும் ஐந்து மடங்கு. 'எல்லாம் விதி' என்று சொல்லிக் கடந்துபோக இந்த எண்கள் விடுவதில்லை. விதிக்கு மாநில எல்லை தெரியாது. இடத்துக்கு இடம் மாறும் காரணங்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் நம்மால் மாற்றக்கூடியவை.

எதை வைத்து அளக்கிறோம்?

முதலில் ஓர் எச்சரிக்கை. 100 விபத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால் கேரளத்தில் 10, தமிழ்நாட்டில் 28, உத்தரப் பிரதேசத்தில் 54, பீகாரில் 82. இதைப் படிப்பவர் தமிழ்நாடு பரவாயில்லை என்று நினைக்கக்கூடும்.

ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை மரணம் என்று கணக்கிட்டால் படம் தலைகீழாகிறது. பீகாரில் சுமார் 7. தமிழ்நாட்டில் சுமார் 23, அதாவது மூன்று மடங்கு. இங்கே வீட்டுக்கு வீடு வண்டி இருக்கிறது, ஊருக்கு ஊர் நல்ல சாலை இருக்கிறது, பயணமும் அதிகம். ஆபத்தில் கால் வைக்கும் நேரமும் அதனால் அதிகம்.

காவல் நிலையப் பதிவேடும் இதில் பங்கு வகிக்கிறது. சிராய்ப்புக்கும் எலும்பு முறிவுக்கும் வழக்குப் பதியும் இடத்தில் விபத்து எண்ணிக்கை கூடும், விகிதம் குறையும். உயிர் போனால் மட்டுமே காவல் நிலையம் வரை செல்லும் இடத்தில் பத்துக்கு எட்டு விபத்து மரண விபத்தாகத்தான் தெரியும். பீகாரின் எண்ணில் இதற்கும் இடமுண்டு. ஆகவே ஒரே ஓர் அளவுகோலை வைத்து எந்த மாநிலத்தையும் புகழவோ பழிக்கவோ கூடாது. ஆனால் பதிவு வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மிச்சமிருக்கும் இடைவெளி பெரிது. அதற்கான காரணங்களைச் சாலையிலும் மருத்துவமனையிலும் தேட வேண்டும்.

வேகம் எங்கே கொல்கிறது?

நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2 சதவீதம்தான். 2022-இல் சாலை மரணங்களில் 36 சதவீதம் அவற்றில் நிகழ்ந்தவை. இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தார்கள் என்கிறது அந்த அறிக்கை.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. எலும்பும் மூளையும் ஈரலும் தாங்கும் அளவு எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒன்றே. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் மரண விபத்துக்கான அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேரளத்தின் சாலைகள் பெரும்பாலும் குறுகலானவை, வளைவுகள் நிறைந்தவை. இருபுறமும் வீடுகள் விட்டுப்போகாமல் தொடர்கின்றன. வண்டிகள் அடிக்கடி உரசிக்கொள்ளும். ஆனால் அந்த நெரிசலில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட முடியாது. தமிழ்நாட்டில் நான்குவழிச் சாலைகள் சமவெளியைக் கிழித்துக்கொண்டு நேராக ஓடுகின்றன.

அப்படியொரு சாலை ஒரு கிராமத்தை வெட்டும் இடத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வீடுகள் ஒரு பக்கம், பேருந்து நிறுத்தமும் ரேஷன் கடையும் மறுபக்கம். சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் யாரோ இடித்துவைத்த சந்து. பால் கேனைக் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் அந்தச் சந்தில் முன்சக்கரத்தை நீட்டிக் காத்திருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதன் பின்னால் நிற்பார்கள். எதிரே வரும் ஆம்னி பேருந்தின் ஓட்டுநருக்கு அங்கே ஓர் ஊர் இருப்பதே தெரியாது. கடப்பவர் மீது பழி போடுவது எளிது. அன்றாட வாழ்க்கையை இரண்டாகப் பிளந்துவிட்டுக் கடக்க வழி வைக்காத வடிவமைப்புக்கும் அதில் பங்குண்டு.

யார் எதில் போகிறார்கள்?

2022-இல் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து சென்றவர்கள். காற்றுப்பையோ தகடோ காக்காத உடல்கள் இவை. இரு சக்கர வாகனமும் நெடுஞ்சாலையும் ஒன்றாகப் பெருகும் பகுதியில் மரணமும் பெருகுவதில் வியப்பில்லை.

அந்த ஆண்டு தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். பெருநகரத்தில் அபராதத்துக்குப் பயந்தாவது அணிகிறோம். கிராமச் சாலையில் அது பெட்ரோல் டேங்க் மேலோ கண்ணாடியிலோ தொங்குகிறது. அணிந்தவர்களிலும் பலர் நாடாவை மாட்டுவதில்லை. நாடா மாட்டாத கவசம் முதல் இடியிலேயே கழன்று பறந்துவிடும். தலை தரையில் மோதும்போது அது தலையில் இருக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். நாடாவுக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக மாட்டுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் இது பொருந்தும்.

அடிபட்டதும் தொடங்கும் கடிகாரம்

ஒரே மாதிரி அடிபட்ட இருவரில் ஒருவர் பிழைப்பதும் மற்றவர் இறப்பதும் பல நேரங்களில் மருத்துவமனையின் தூரத்தைப் பொறுத்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ரத்த அழுத்தம் மெல்ல இறங்கும். தலையில் அடிபட்டவருக்கு மூச்சுப்பாதை அடைபட்டால், காயத்தில் தப்பிய மூளைப் பகுதியும் பிராணவாயு இல்லாமல் சேதமடையும். இவ்விரண்டையும் நேரத்தோடு கவனித்தால் பலரைக் காப்பாற்ற முடியும். விபத்தை அடுத்த முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்று மோட்டார் வாகனச் சட்டமே வரையறுத்திருக்கிறது.

ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வருகிறது, அருகிலுள்ள மருத்துவமனையில் ஸ்கேன், ரத்தம், அறுவை மருத்துவர் மூன்றும் இரவு இரண்டு மணிக்கும் கிடைக்குமா என்பவை மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகின்றன. தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இல் தொடங்கியது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எவருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். 'பணம் கட்டினால்தான் சேர்ப்போம்' என்ற பேச்சில் கரையும் நிமிடங்களை மீட்பதுதான் இதன் பெரும் பயன்.

விபத்தைக் கண்டால் என்ன செய்வது?

• உடனே 108-ஐ அழையுங்கள். கிலோமீட்டர் கல்லின் எண்ணையோ அருகிலுள்ள ஊரின் பெயரையோ சொல்லுங்கள்.

• ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

• தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

• கழுத்தைத் திருப்பாதீர்கள், தூக்கி உட்கார வைக்காதீர்கள். மூச்சு சீராக இருந்தால் தலைக்கவசத்தையும் கழற்ற வேண்டாம்.

• பைக்கில் இருவர் நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். முதுகுத்தண்டு முறிந்திருந்தால் அந்தப் பயணமே ஊனமாக்கிவிடும்.

• போலீஸ், கோர்ட் என்று அஞ்ச வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படிகூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

காலராவை ஊசியும் மருந்தும் மட்டும் கட்டுப்படுத்தவில்லை. குடிநீர்க் குழாயைச் சரிசெய்ததும் சேர்ந்துதான் கட்டுப்படுத்தியது. சாலை மரணத்தையும் அப்படித்தான் அணுக வேண்டும். ஓட்டுநருக்கு அறிவுரை சொல்வதோடு நின்றுவிட்டால் போதாது.

உங்கள் ஊரை நெடுஞ்சாலை வெட்டுகிறது என்றால், மக்கள் உண்மையில் கடக்கும் இடத்தில் சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தொடர்ந்து விபத்து நடக்கும் இடங்களின் பட்டியலில் உங்கள் முனை இருக்கிறதா, அங்கே என்ன வேலை நடந்திருக்கிறது என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இரவிலும் விபத்துச் சிகிச்சைப் பிரிவு முழுமையாக இயங்குகிறதா என்று விசாரியுங்கள்.

ஒரு மாநிலத்தில் 100 விபத்துக்கு 10 பேர் இறக்கிறார்கள், இன்னொன்றில் 54 பேர் என்றால், இடையிலுள்ள உயிர்களில் கணிசமானவை காப்பாற்றியிருக்கக் கூடியவை. அவற்றைக் காப்பாற்றும் வழி மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் ஏற்கெனவே தெரியும். அதைத் தங்கள் மாவட்டத்திலும் செய்து தரும்படி வரி செலுத்தும் ஒவ்வொருவரும் உரிமையோடு கேட்கலாம்.