ஜெராக்ஸ் மெஷினில் பிறந்த நாய்க்குட்டிகள்

ரெக்கார்டு நோட்டு சப்மிஷனுக்கு முதல் நாள் ராத்திரி ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்காதவர் நம்மில் யாராவது உண்டா? ராயபுரம் எம்.சி. ரோட்டில் தீபாவளித் துணி எடுக்க வருகிற கூட்டமெல்லாம் அன்றைய கூட்டத்துக்கு முன்னால் சும்மா! அந்த ஜெராக்ஸ் மெஷின்தான் ஒரு முழுநீளக் கார்ட்டூன் படத்தையே சாத்தியமாக்கியது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். அந்த மெஷின் யாருடைய வேலையைத் தின்றது என்பதும் டிப்ளமோ படிக்கிற நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

படத்தின் பெயர் 'நூற்றியொரு டால்மேஷியன்கள்'. வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோ 1961-ல் வெளியிட்டது. டோடி ஸ்மித் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1956-ல் சிறுவர்களுக்காக எழுதிய நாவல்தான் மூலக்கதை. லண்டனில் போங்கோ, பெர்டிட்டா என்று ஒரு நாய் ஜோடி. அவற்றுக்கு 15 குட்டிகள். குரூயெல்லா என்ற பணக்காரிக்கு அந்தப் புள்ளித் தோலில் கோட்டு தைத்துப் போட்டுக்கொள்ள ஆசை! ஆள் வைத்துக் குட்டிகளைத் திருடுகிறாள். தேடிப் போன தாயும் தகப்பனும் பார்த்தால், அங்கே ஏற்கெனவே 84 குட்டிகள் அடைபட்டுக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு பனியில் ஓடிவருவதுதான் மீதிக் கதை. 15-ஐயும் 84-ஐயும் கூட்டி, பெற்றோர் இரண்டையும் சேருங்கள். கணக்கு சரியாக வரும்.

கதை எழுதுவது சுலபம். வரைகிறவன் கதி? டால்மேஷியன் என்றால் உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. படம் 79 நிமிஷம். விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் பெருக்கினால் 1,13,760 ஃபிரேம். ஒரு வரைபடத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலும் விநாடிக்கு 12 படம் வேண்டும். படத்தில் மொத்தம் 64 லட்சத்து 69 ஆயிரத்து 952 புள்ளிகள் என்று டிஸ்னி கம்பெனியே கணக்குச் சொல்லி விளம்பரம் செய்தது. யார் உட்கார்ந்து எண்ணினார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்!

அதுவரை கார்ட்டூன் படம் எப்படித் தயாரானது? அனிமேட்டர் பென்சிலால் பேப்பரில் வரைவார். அதன்மேல் 'செல்' என்கிற கண்ணாடி மாதிரியான ஷீட்டை வைத்து, இன்னொருவர் பேனாவால் கோட்டுக்குக் கோடு இங்க்கில் இழுப்பார். பிறகு ஷீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பெயிண்ட் அடிப்பார்கள். அதைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து கேமராவில் ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். டிஸ்னி ஸ்டுடியோவில் இந்த இங்க் வேலையையும் பெயிண்ட் வேலையையும் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். ஒரு கோடு மயிரிழை தடித்தாலும் திரையில் நடுங்கித் தெரியும். அவ்வளவு நேர்த்தியான கை அவர்களுக்கு.

இதை எனக்குப் புரியவைத்தது புத்தகம் இல்லை, என் மாமா. திருவொற்றியூர் பக்கம் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீசில் அவர் டிரேசராக இருந்தவர். டிராஃப்ட்ஸ்மேன் பென்சிலில் போட்ட டிராயிங்கின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து இங்க்கில் எடுப்பதுதான் டிரேசர் வேலை. அதிலிருந்துதான் அமோனியா பிரிண்ட் போட்டு ஷாப் ஃப்ளோருக்கு அனுப்புவார்கள். "ஒரு சொட்டு இங்க் சிந்திடுச்சுன்னா, பிளேடால சுரண்டியே பாதி நாள் போயிடும்டா" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "பென்சில் கோட்ல ஒரு உயிர் இருக்கும். நாம இங்க்ல எடுத்தா சுத்தமா இருக்கும், ஆனா அந்த உயிர் கொஞ்சம் போயிடும்." டிஸ்னியின் அனிமேட்டர்களுக்கும் இதே மனக்குறைதான்.

1959-ல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' படத்துக்குச் செலவு எக்கச்சக்கம். பல வருஷ உழைப்பு. போட்ட பணம் திரும்பவில்லை. இனி இப்படிக் கார்ட்டூன் எடுத்தால் கட்டுப்படியாகாது என்ற நிலை. அப்போதுதான் அப் ஐவர்க்ஸ் என்பவர் ஜெராக்ஸைக் கையில் எடுத்தார். இவர் யார் தெரியுமா? 1928-ல் மிக்கி மவுஸ் படங்களை முதன்முதலில் வரைந்த அதே ஆள்!

ஜெராக்ஸ் வேலை செய்கிற விதத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தினமும் பயன்படுத்துகிறோம், வைவாவில் கேட்டால் முழிக்கிறோம். செலினியத்துக்கு ஒரு குணம் உண்டு: இருட்டில் மின்சாரத்தைக் கடத்தாது, வெளிச்சம் பட்டால் கடத்தும். செலினியம் பூசிய தகட்டுக்கு இருட்டில் மின்னூட்டம் கொடுத்து, அதன்மேல் படத்தின் பிம்பத்தை விழ வைக்கிறார்கள். வெள்ளைப் பகுதியிலிருந்து வரும் வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னூட்டம் ஓடிவிடும். கறுப்புக் கோடு இருந்த இடத்தில் மட்டும் தங்கும். எதிர் மின்னூட்டம் உள்ள டோனர் பவுடரைத் தூவினால் அங்கே மட்டும் ஒட்டிக்கொள்ளும். அதைப் பேப்பருக்கு இழுத்து, சூடு காட்டினால் காப்பி ரெடி. (இப்போதைய மெஷின்களில் பெரும்பாலும் செலினியத்துக்குப் பதில் ஆர்கானிக் பூச்சு. தத்துவம் அதேதான்.) இதை 1938 அக்டோபர் 22 அன்று முதன்முதலில் செய்து காட்டியவர் செஸ்டர் கார்ல்சன். பேட்டன்ட் பிரிவில் வேலை பார்த்தவர். டிராயிங்குகளைக் காப்பி எடுக்கிற அவஸ்தை தாங்காமல்தான் இதில் இறங்கினார். ஆபீஸ்களில் சக்கைப்போடு போட்ட ஜெராக்ஸ் 914 மெஷின் வந்தது 1959-ல். இடையில் 21 வருஷம்!

ஐவர்க்ஸ் செய்த மாற்றம் என்ன? பேப்பருக்குப் பதில் செல் ஷீட்டில் காப்பி விழ வைத்தார். அவ்வளவுதான்! அனிமேட்டரின் பென்சில் கோடு, அதன் சொரசொரப்போடு அப்படியே ஷீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு குட்டியை வரைந்து அதையே பல காப்பி எடுத்து ஒரு கூட்டமாக ஓடவிடவும் முடிந்தது. ஸ்டுடியோவின் கார்ட்டூன் பிரிவு பிழைத்தது.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. படத்தில் குரூயெல்லாவின் கார் பனியில் வழுக்கிப் பாய்கிற கட்டம் வரும். எந்தக் கோணத்தில் திரும்பினாலும் பர்ஸ்பெக்டிவ் தப்பாது. ரகசியம் இதுதான்: அட்டையில் வெள்ளை நிறத்தில் ஒரு மாடல் கார் செய்து, ஓரங்களில் எல்லாம் கறுப்புக் கோடு போட்டு, அதை ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். அந்த ஃபிரேம்களை ஜெராக்ஸ் மூலம் செல்லுக்கு மாற்றினார்கள். நாம் ஷீட் ஷீட்டாகக் கஷ்டப்படுகிற ஐசோமெட்ரிக் வியூவை அவர்கள் அட்டைப் பெட்டியிலேயே முடித்துவிட்டார்கள்!

வால்ட் டிஸ்னிக்கு மட்டும் அந்தக் கரடுமுரடான கோடு பிடிக்கவில்லை. பழைய மென்மை போய்விட்டது என்று வருத்தம். என்னைக் கேட்டால் அந்தக் கோடுதான் படத்துக்கே அழகு. ஆனால் இங்க் போட்ட பெண்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அவர்களுடைய பிரிவு சுருங்கிப் போனது. பெயிண்ட் அடிக்கத் தெரியாத மெஷின் என்பதால் பெயிண்ட் பிரிவு தப்பித்தது. அதுவும் எத்தனை நாளைக்கு? 1990-ல் 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' படத்தில் கலர் அடிக்கிற வேலையும் கம்ப்யூட்டருக்குப் போனது. செல்லே தேவையில்லாமல் ஆயிற்று.

மாமா கதையும் அதேதான். ஆட்டோகேட் வந்தது, டிராயிங் ஆபீசில் டிரேசர் மேஜைகளை எடுத்துவிட்டார்கள். அவரை ஸ்டோர்ஸுக்கு அனுப்பி பின் கார்டு எழுத வைத்தார்கள். சம்பளம் குறையவில்லை. "அப்புறம் என்ன மாமா, கஷ்டமான வேலை போச்சுன்னு சந்தோஷப்பட வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன். "பின் கார்ட யார் வேணா எழுதலாம்டா" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

நம் நாட்டுக்கும் டிஸ்னி கை வந்திருக்கிறது. 'பாம்பி' படத்தில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் 1956-ல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம்மவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே 1957-ல் புத்த ஜாதகக் கதையை வைத்து 'பனியன் டீர்' என்ற கார்ட்டூன் உருவானது. அதே இடத்தில் தொழில் கற்ற ராம் மோகன், வேதியியல் படித்தவர். பிற்பாடு ஜப்பானியர்களோடு சேர்ந்து 1992-ல் ராமாயணத்தைக் கையால் வரைந்த படமாக எடுத்தவர்களில் ஒருவர். 2025 ஜனவரியில் அது தமிழ் டப்பிங்கோடு தியேட்டருக்கு வந்தது. இதற்கு நேர் எதிராக, 2000-ல் நம் சென்னையின் பென்டாமீடியா எடுத்த 'பாண்டவாஸ்' முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவானது. அங்கே இங்க் பேனா மட்டுமல்ல, பென்சிலுக்கே வேலை குறைவு.

டால்மேஷியன் படம் கிடைத்தால் ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். போங்கோவின் முதுகிலும் காது ஓரத்திலும் அனிமேட்டர் அழிக்காமல் விட்ட பென்சில் கோடுகள் அங்கங்கே அப்படியே தெரியும்.