பாழானாலும் பரவாயில்லாத புத்தகம்

விலையுயர்ந்த வரைபுத்தகத்தின் முதல் பக்கம் பல வீடுகளில் மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடப்பதற்கு, வரைபவரின் சோம்பலைவிட, தடித்த வெண்தாளைத் தப்பான கோட்டால் கெடுத்துவிடுவோமோ என்ற தயக்கமே பெரிய காரணம். மிஞ்சிய தாள்களை மடித்துத் தைத்த, சட்டைப் பையில் அடங்கும் சிறு புத்தகத்தில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. பக்கம் பாழானால் நட்டமில்லை, புத்தகம் தீர்ந்தால் அரைமணி நேரத்தில் இன்னொன்று தைத்துக்கொள்ளலாம்.

சிறு தாளில் தயங்காமல் வரைவது பெரிய ஓவியர்களின் பழக்கமும்கூட. சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனத்தை வழிநடத்திய நந்தலால் போஸ் (1882–1966), அஞ்சலட்டை அளவிலான சிறு அட்டைகளில் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிவந்தார். ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக 1938-இல் அவர் தீட்டிய ஓவியங்களில் தெரியும் தயங்காத கோட்டுக்கு இந்த அட்டைப் பழக்கமும் ஒரு காரணம் என்று கொள்வது மிகையாகாது. கலாபவனத்தில் 1944-இல் மாணவராகச் சேர்ந்த கே. ஜி. சுப்ரமணியன் (1924–2016) மலபாரின் கூத்துபறம்பில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். அவர் பெயரின் முதலெழுத்து பாலக்காட்டுக் கல்பாத்தியைக் குறிப்பது. சுவரோவியம் தீட்டிய கையாலேயே பொம்மைகளும் குழந்தைகளுக்கான படப்புத்தகங்களும் செய்த அவர், கலையில் பெரிய வேலை, சின்ன வேலை என்று பிரித்துப் பார்க்கவில்லை.

முதலில் சொன்ன சிறு புத்தகத்துக்கு இரண்டு ஏ4 தாள்கள் போதும். ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக வெட்டி, கிடைக்கும் நான்கு துண்டுகளையும் நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால், பத்தரை சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள 16 பக்கங்கள் அமையும். மடிப்புக் கோட்டில் மூன்று துளையிட்டு, உள்ளிருந்து நடுத்துளை வழியே நூலை வெளியே எடுத்து, மேல்துளையில் உள்ளே இறக்கி, உட்புறமாகவே கீழ்த்துளைக்குச் சென்று வெளியேறி, மீண்டும் நடுத்துளையில் உள்ளே வந்து முடிச்சிட்டால் தையல் முடிந்தது. மேலட்டையையும் சேர்த்தே தைத்துவிடலாம். அதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகையைவிட வாகானது வேறில்லை, மணமக்களின் பெயர் உட்புறம் வரும்படி திருப்பி மடித்தால் போதும்.

கேரள–தமிழக எல்லைப் பகுதியின் தட்பவெப்பத்தை எண்ணிப் பார்த்தால், பசையில்லாத இந்தத் தையலின் அருமை விளங்கும். தாளுக்கு இழைவாட்டம் உண்டு. அதாவது, தாள் செய்யப்படும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. ஈரம் பட்ட தாள் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும் என்பதால், மடிப்பு நாரின் திசையிலேயே அமைவது நல்லது. பெரும்பாலான ஏ4 தாள்களில் நார் நீளவாட்டில் ஓடுவதால், மேற்சொன்ன வெட்டில் அது தானாகவே அமைந்துவிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் ஊறும் மூணாறு, பீருமேடு பக்கங்களில் மைதாப் பசையால் ஒட்டிய அட்டை வளையும், பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும். பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலந்தது இதற்காகத்தான். மலைக்கு அப்பால் மழைமறைவில் உள்ள மறையூரில் இந்தத் தொல்லை குறைவு. பாலக்காட்டுக் கணவாயின் காற்று வறண்டு வீசும் மாதங்களில் சித்தூர்ப் பக்கத்தில் சிக்கல் நேர்மாறானது. நீர்வண்ணம் பரவுமுன்பே காய்ந்துவிடும். பால்பாயிண்ட் பேனாவுக்கோ பென்சிலுக்கோ இந்த வேறுபாடுகள் ஒரு பொருட்டல்ல, பழக்கத்தைத் தொடங்குபவருக்கு அவையே போதும்.

எதை வரைவது என்றும் தேட வேண்டியதில்லை. சித்தூர்ப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கு எதிரே நிற்கும் பனையே பாடமாகும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், திண்ணையில் கவிழ்த்த கொழுந்துக் கூடை போதும். பேருந்து வந்துவிட்டால் பாதிப் பனையோடு அந்தப் பக்கம் நின்றுவிடும். மறுநாள் அடுத்த பக்கத்தில் வேறொரு பனை.