உறைபனியிலும் கேரட் எப்படி வளர்கிறது?

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை ஊட்டிக்கு அருகே தலைகுந்தாவில் நின்று பாருங்கள். புல்வெளி வெள்ளைவெளேர் என்று இருக்கும். அது வானத்திலிருந்து விழுந்த பனி இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் புல்லின் மேலேயே உருவான உறைபனி. நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதற்குக் காலம். அதே சமயத்தில் அதே மலையில் கேரட்டும் முட்டைக்கோசும் வளர்கின்றன. எப்படி?

பகலில் வெயில் பட்டுச் சூடான மண்ணும் இலையும் இரவில் அந்த வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிடும். மேகம் இருந்தால் அது போர்வையாக நின்று கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால், காற்றிலுள்ள நீராவி தண்ணீராகாமல் நேரே பனிக்கட்டியாக இலையில் படியும்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தங்கிவிடும். அதனால் மேட்டுத் தோட்டம் தப்பிக்கும்போதே பள்ளத்துத் தோட்டம் கருகும். உருளைக்கிழங்குச் செடியின் இலை உறைபனியைத் தாங்காது. முட்டைக்கோசு ஓரளவு தாங்கும். எதை எங்கே நடலாம் என்பதை நிலத்தின் மேடுபள்ளமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

இலை ஏன் கருகுகிறது? செல்களுக்கு வெளியே உருவாகும் பனிக்கட்டி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். நீரை இழந்த செல் சுருங்கிச் சாகும். கேரட்டுக்கோ இரண்டு பாதுகாப்பு. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. மண் சீக்கிரம் குளிராது. அதோடு, குளிரில் கேரட் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சர்க்கரை கலந்த நீர் 0 டிகிரியில் உறையாது; இன்னும் குளிர வேண்டும். குளிர்காலக் கேரட் கூடுதலாக இனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சர்க்கரை நிறையக் கரைத்த தண்ணீர். இரண்டையும் ஃப்ரீசரில் வைத்து, எது முதலில் கட்டியாகிறது என்று கவனியுங்கள்.

விவசாயிகளும் சும்மா இருப்பதில்லை. நாற்றுகளை இலைதழை போட்டு மூடுவார்கள். தோட்டத்தில் விடியும் முன்பே ஸ்பிரிங்க்ளரைத் திறந்து தண்ணீர் தெளிப்பார்கள். குளிரில் தண்ணீரா என்று கேட்கிறீர்களா? தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும். ஒரு கிராம் தண்ணீர் உறைந்தால் சுமார் 80 கலோரி வெப்பம்! அந்த வெப்பம் இலையைக் காக்கும். பாதியில் நிறுத்தினால் பலன் இல்லை. வெயில் ஏறிப் பனி கரையும்வரை தெளிக்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஜனவரி, பிப்ரவரியில் அங்கே மழை குறைவு. ஆனாலும் ஓடைகள் ஓடுகின்றன. மலை மடிப்புகளில் இருக்கும் சோலைக்காடுகளும் மேலே விரிந்த புல்வெளிகளும் மழைக்கால நீரைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் காரணம். சோலை மரங்கள் ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை தெரியுமா? திறந்த வெளியில் முளைக்கும் இளங்கன்றுகளை உறைபனி கொன்றுவிடுவது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பயிரைக் கருக்கும் அதே உறைபனிக்கு, பயிருக்கு நீர் தரும் புல்வெளியைக் காப்பதிலும் பங்கு உண்டு. ஆகவே தோட்டத்தைக் காக்க வேண்டுமானால் தோட்டத்துக்கு வெளியே உள்ள நிலத்தையும் காக்க வேண்டும்.

உங்கள் ஊரில் உறைபனி வராமல் இருக்கலாம். ஆனாலும் மேடுபள்ளம் இருக்குமே! மேகமில்லாத ஒரு மார்கழி விடியலில், பெரியவர் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு, வெப்பமானியால் மேட்டிலும் பள்ளத்திலும் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள். அவரைக்காய் பயிரிட எந்த இடம், கீரை விதைக்க எந்த இடம் என்று அந்தக் கணக்கைக் காட்டி வீட்டில் பேசிப் பாருங்கள்.