பயிற்சி நிலையத்துக்கான நிதி: தூதுவரின் கைலாகுக்குப் பின்னால் நடப்பவை

எமது பிரதேச அரசியல்வாதிகளின் முகநூல் பக்கங்களில் சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது அந்தப் படம் வரும். நடுவில் ஒரு வெளிநாட்டுத் தூதுவர், பக்கத்தில் எங்கள் ஆள், மேசையில் பேரீச்சம்பழமும் கோப்பியும். "இளைஞர், யுவதிகளுக்கான பிராந்திய தொழில் முயற்சியாண்மைப் பயிற்சி நிலையம் அமைக்க தூதுவர் இணக்கம்" என்று தலைப்பு. கீழே 'மாஷா அல்லாஹ்' மழையாகப் பொழியும். இரண்டு வருடம் கழித்து அந்த நிலையம் எங்கே என்று கேட்பவர் எவருமில்லை.

நான் இருபது வருடங்களுக்கு மேல் கிழக்கில் அரச திட்டமிடல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்படியான படங்களுக்குப் பிறகு வரும் கடிதங்களையும் கோவைகளையும் சுமந்தவன். எனவே தூதுவர் தேநீர் குடித்துவிட்டுப் போன பின்னர் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலாவது விடயம், ஒரு தூதுவருக்கு பயிற்சி நிலையம் கட்டித் தரும் அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. சிறிய தொகைகளை சில தூதரகங்கள் நேரடியாக வழங்கும். ஜப்பானின் அடிமட்ட நன்கொடைத் திட்டம் அதற்கு உதாரணம், பாடசாலைக் கட்டிடம், குடிநீர் போன்றவற்றுக்கு வரும். பெரிய நிலையம் என்றால் கதை வேறு. பொறுப்பான அமைச்சு திட்ட முன்மொழிவைத் தயாரிக்க வேண்டும். தேசிய திட்டமிடல் திணைக்களம் அதை மதிப்பிட வேண்டும். பின்னர் திறைசேரியின் கீழுள்ள வெளிநாட்டு வளத் திணைக்களம்தான் அந்த நாட்டிடம் முறைப்படி கேட்கும். அமைச்சரவை அனுமதி, சட்டமா அதிபரின் கருத்து, அதன் பிறகுதான் கைச்சாத்து. பாராளுமன்ற உறுப்பினர் தூதரகத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் மகஜர் இந்தப் பாதையில் எங்குமே இல்லை. அது ஒரு மரியாதைக் கடிதம், அவ்வளவுதான்.

அடுத்து, வருவது நன்கொடையா கடனா? எங்கள் ஊர்களில் 'அரபு நாடு தந்தது' என்று ஒரே சொல்லில் முடித்து விடுவார்கள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கட்டிடங்களில் பெரும்பகுதி குவைத் நிதியத்தின் உதவியுடன் எழுந்தவை. அது இலகு நிபந்தனைக் கடன், நாடு திருப்பிச் செலுத்த வேண்டிய பணம். கடன் என்றால் திறைசேரி 'இதனால் நாட்டுக்கு என்ன வருமானம்' என்று கேட்கும், கேட்கவும் வேண்டும். நன்கொடை என்றால் கொடுக்கும் நாடு 'என் பணத்துக்கு என்ன நடக்கும்' என்று கேட்கும். இரண்டுக்கும் பதில் வேறு வேறு. நாங்கள் பெரும்பாலும் ஒரே கடிதத்தின் பிரதியை எல்லாத் தூதரகங்களுக்கும் அனுப்பினோம்.

நான் நேரில் இருந்த ஒரு பேச்சுவார்த்தையைச் சொல்கிறேன். நாட்டின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். தூதரகத்திலிருந்து இரண்டாம் நிலைச் செயலாளர் ஒருவர் வந்திருந்தார், இளம் வயது, கையில் ஒரு சிறிய குறிப்புப் புத்தகம். எங்கள் பக்கம் பதினெட்டுப் பேர். வரவேற்புரை, கிறாஅத், பொன்னாடை எல்லாம் முடிய ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அவர் கேட்டது சில கேள்விகள்தான். காணி யாருடையது என்பது முதலாவது.

பள்ளிவாசல் நிர்வாகம் பெரிய மனதுடன் நான்கு ஏக்கர் தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் அது வக்பு காணி. வக்பு சபையின் அனுமதியின்றி அதைக் கைமாற்ற முடியாது, 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் அப்படி. நிதி தரும் நாடோ, கட்டிடம் நிற்கும் நிலம் அரசின் பெயரில் தெளிவாக இருக்க வேண்டும் என்றது. நீண்டகாலக் குத்தகைக்கு விடலாமே என்று நான் சொன்னேன். ஜமாஅத்தில் ஒரு பகுதியினர் சம்மதித்தார்கள், மறுபகுதியினர் 'அல்லாஹ்வின் காணியை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுப்பதா' என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் பிழை இருக்கவில்லை. வக்பு செய்தவரின் நோக்கம் ஒன்று, நாங்கள் கட்ட நினைத்தது இன்னொன்று. மாற்றுக் காணி தேடினோம். ஒன்று வன இலாகாவின் எல்லைக்குள், மற்றது வருடத்தில் மூன்று மாதம் வெள்ளத்தில். இந்த இழுபறியில் பதினான்கு மாதங்கள் கழிந்தன.

அடுத்த கேள்விதான் எங்களை மடக்கியது. நாலாவது வருடத்திலிருந்து சம்பளமும் மின்சாரக் கட்டணமும் யார் கட்டுவது? கொடுக்கும் நாடுகள் பொதுவாக கட்டிடம், இயந்திரம், ஆரம்பகாலப் பயிற்சி ஆகியவற்றோடு நிறுத்திக் கொள்வார்கள். போதனாசிரியர்கள் அரச ஆளணிக்குள் வர வேண்டும். அதற்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும், திறைசேரி வருடா வருடம் பணம் ஒதுக்க வேண்டும். அந்த உறுதிமொழி எங்கள் கையில் இருக்கவில்லை. மேலே இருந்தவர் 'அதெல்லாம் பார்த்துக் கொள்ளலாம்' என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது, அந்த இளைஞர் பேனையை மூடிவிட்டார்.

வரி என்பதும் ஒரு சிறு முள். நன்கொடைப் பணத்தை எங்கள் சுங்க வரிக்கும் பெறுமதி சேர் வரிக்கும் செலவழிக்க பல நாடுகள் சம்மதிப்பதில்லை. அந்தப் பங்கை இலங்கை ரூபாவில் உள்நாட்டு நிதியாக ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் இயந்திரங்கள் துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஏறக் காத்திருக்கும்.

யார் பயனடைவது என்ற கேள்வியைத்தான் எமது சமூகம் அதிகம் தவிர்க்கிறது. அக்கரைப்பற்று நுரைச்சோலை வீட்டுத் திட்டத்தை யாரும் மறந்திருக்க முடியாது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியா 500 வீடுகளைக் கட்டித் தந்தது. யாருக்குக் கொடுப்பது என்பது உயர் நீதிமன்றம் வரை போனது. இன விகிதாசாரப்படி பங்கிட வேண்டும் என்ற தீர்ப்போடு அந்த வீடுகள் பத்து வருடத்துக்கும் மேலாக ஆளில்லாமல் காடு மண்டிக் கிடந்தன. தீர்ப்பு நியாயமா, வழக்குப் போட்டவர்களின் நோக்கம் என்ன என்பதெல்லாம் தனியாகப் பேச வேண்டியவை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பயனாளிகளைத் தெரிவு செய்யும் முறை முதலிலேயே உடன்படிக்கையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அந்த வழக்குக்கு இடம் குறைந்திருக்கும்.

நன்றாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜேர்மனி 1959இலேயே இங்கு தொழில்நுட்பப் பயிற்சிக்கு உதவத் தொடங்கியது. மொரட்டுவையில் உள்ள 'ஜேர்மன் டெக்' இன்றும் இயங்குகிறது, அங்கு இடம் கிடைக்க பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். போருக்குப் பிறகு கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் திறக்கப்பட்டது. அங்கே கட்டிடமும் உபகரணமும் ஒரு பக்கம், பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும் மறுபக்கம் என்று ஜேர்மனியின் இரு நிறுவனங்கள் வேலையைப் பிரித்துக் கொண்டன. சான்றிதழ் எமது நாட்டின் என்.வி.கியூ முறைக்குள் வந்தது. விடுதி இருந்தபடியால் தூர மாவட்டப் பிள்ளைகளும் வர முடிந்தது. விடுதி இல்லாத பயிற்சி நிலையம் என்றால் எங்கள் பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் விண்ணப்பமே போட மாட்டார்கள். அந்த இளைஞருக்குக் கொடுத்த எங்கள் முன்மொழிவில் விடுதி என்ற சொல்லே இருக்கவில்லை. ஆனால் கேட்போர் கூடம் இருந்தது, ஆயிரம் பேருக்கு!

முயற்சியாண்மைப் பயிற்சியில் எமக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இவ்வகைப் பாடநெறிகள், சர்வதேச தொழில் தாபனத்தின் எஸ்.ஐ.வை.பி உட்பட, வியாபாரத் திட்டம் எழுதக் கற்றுக் கொடுக்கும். நிதி தருவோரின் திட்டங்களில் அடுத்த படி பெரும்பாலும் ஒரு வங்கிக் கடன், வட்டியோடு. மருதமுனையில் தறி போட நினைக்கும் பிள்ளை அந்த இடத்தில் எழும்பிப் போய்விடும். இலங்கையில் 2005க்குப் பிறகு வட்டியில்லா வங்கிமுறைக்குச் சட்டத்தில் இடமுண்டு. முராபஹா அடிப்படையில் தறியையே வாங்கிக் கொடுக்கலாம், அல்லது ஆரம்ப உபகரணத்தை நன்கொடையாகவே கேட்கலாம். இது எல்லாச் சமூகத்துக்கும் திறந்த ஒரு மேலதிகத் தெரிவு என்று மேசையில் வைத்தால் எந்த நாடும் முகம் சுளிக்காது. ஆனால் பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு ஃபத்வா தேடுவதில் பயனில்லை.

இப்போது காலமும் மாறிவிட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியதும் கடனில் நடந்த பல வேலைகள் அரைகுறையில் நின்றன. ஜப்பானியக் கடன் திட்டங்கள் மீண்டும் தொடங்க 2024 நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நோர்வே 2023இல் கொழும்புத் தூதரகத்தையே மூடிவிட்டது. யு.எஸ்.எய்ட் 2025இல் இல்லாமலே போனது. அதே வருடம் ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது கிழக்கு மாகாணத்துக்கான பல்துறை நன்கொடை உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. அதற்குள் கிழக்கின் கரையோர ஊர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் வருமா வராதா என்பது, எந்தத் திணைக்களத்தின் மேசையில் எங்கள் முன்மொழிவு காணி உறுதியோடும் ஆளணி விபரத்தோடும் கிடக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது.

அந்த நான்கு ஏக்கரில் இப்போது பள்ளிவாசல் நிர்வாகம் வேளாண்மை செய்கிறது. அன்றைய கூட்டத்தில் பயிலுனராகப் பெயர் பதிந்த தம்பி ஒருவர் கட்டாரில் குளிரூட்டி திருத்துகிறார். கடந்த நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது, "சேர், அந்த ஃபைல் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது தம்பி, அலுமாரியின் கீழ்த் தட்டில், காணிப் பக்கத்தைக் காலியாக விட்டபடி.